அம்மா வரமாட்டேன் என்கிறார்: புயலுக்கு முன் படுக்கையில் இருப்பவரை எங்கே, எப்போது கொண்டுபோவது?

மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள ஓர் ஊரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் பெயரையும் தவிர்த்து, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 39. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 8. தாயாருக்கு 73. மூன்று வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து தாயாருக்கு இடது கையும் காலும் இயங்காமல் போய்விட்டன. பேச்சு கொஞ்சம் குழறினாலும் நினைவும் அறிவும் தெளிவாக இருக்கின்றன. நீரிழிவுக்குக் காலையும் மாலையும் மிக்ஸ் இன்சுலின் போடுகிறார்கள். படுக்கைப்புண் வராமலிருக்கக் கரண்டில் ஓடும் காற்று மெத்தை ஒன்று வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு தடவை ஆட்டோவில் கிளினிக்குக்குப் போய் வருகிறார்கள்.

முன்பு ஒரு வெள்ளத்தின்போது ஜீ.எஸ். (கிராம சேவகர்) சொன்னபடி எல்லோரும் பக்கத்துப் பாடசாலைக்குப் போயிருக்கிறார்கள். ஒரே வகுப்பறையில் பல குடும்பங்கள். அம்மாவுக்குப் பெம்பர்ஸ் மாற்றும் ஒவ்வொரு தடவையும் மகளும் பேத்தியும் சேலையை இழுத்துப் பிடித்து மறைத்திருக்கிறார்கள். அங்கிருந்த நாட்களில் அம்மா தண்ணீரே சரியாகக் குடிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பிய சில நாளில் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் விட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அம்மா, "இனி எங்கயும் வரமாட்டன். 78 புயலுக்கே இந்த வளவுக்குள்ள இருந்தவள் நான்" என்கிறார். தம்பி வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் கலியாணம் செய்து அங்கேயே இருக்கிறார். "டித்வா புயல் வந்தும் உங்கட ஊரில ஒரு ஓடு கூடப் போகல்ல, சும்மா பயப்படாத. அப்படிப் பயமென்றால் அம்மாவை என்ர வீட்டுக்குக் கொண்டு வா, இங்க கடல் இல்லை" என்பது அவருடைய பேச்சு. பக்கத்து வீட்டுக்காரர் தன் மாடியைத் தரத் தயார். களுவாஞ்சிக்குடியில் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட மாமி ஒருவர் இருக்கிறார், ஆனால் "அவவுக்குக் கரைச்சல் கொடுக்க மனமில்லை."

மழைக்காலம் கிட்ட வர வர இந்தச் சகோதரிக்கு நித்திரை இல்லை. வீட்டிலேயே இருக்கலாமா, மாடிக்குப் போகலாமா, ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சேர்க்கலாமா, கரண்ட் போனால் இன்சுலின் கெட்டுவிடுமா, முகாமுக்குப் போகாவிட்டால் நிவாரணம் கிடைக்காமல் போகுமா என்று வரிசையாகக் கேட்கிறார். கடைசியில், "தூக்கிக்கொண்டு போகிற வழியில் அம்மாவுக்கு ஏதும் நடந்தால் நான்தானே கொன்றவள் ஆவேன்" என்று எழுதி முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் அம்மா ஒவ்வொரு மாதமும் ஆட்டோவில் கிளினிக்குக்குப் போய் வருகிறார். அதே அம்மாவை, மழை இல்லாத ஒரு பகல் நேரத்தில், ஒரு வானில் படுக்கவைத்தோ சாய்த்து உட்காரவைத்தோ களுவாஞ்சிக்குடி வரை கொண்டுபோவதில் உயிராபத்து ஏதும் இல்லை. பக்கவாதம் வந்து மூன்று வருடமாக நிலைமை மாறாமல் இருப்பவருக்கு அது சாதாரணப் பயணம். நள்ளிரவில், முழங்கால் தண்ணீரில், கரண்டும் இல்லாமல் நாலு பேர் பிடித்துத் தூக்கும் பயணம்தான் ஆபத்தானது. தூரமும் ஒன்று, தூக்குபவர்களும் அதே ஆட்கள். புறப்படும் நேரம் மட்டும்தான் வித்தியாசம். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை எப்போது புறப்படுவது என்பது ஒரு வைத்திய முடிவு. அதை ஜீ.எஸ். சொல்லும் வரையோ அயலவர் கிளம்பும் வரையோ தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்து அம்மாவின் மறுப்பு. கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயத்தை நான் இரண்டு மூன்று தரம் வாசித்தேன். 1978இல் கிடுகுக் கூரை பிய்ந்து போனதும், கைக்குழந்தையைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு, தென்னைகள் முறிந்து விழ விழ, இருட்டில் கோயில் மடத்துக்கு ஓடியதாக அம்மா சொல்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 78 புயலுக்கு அவர் அந்த வளவில் இருக்கவில்லை. இருக்க முடியாமல், மிகவும் பிந்தி, மிக மோசமான நேரத்தில் வெளியேறியிருக்கிறார். அப்போது வயது 25, இரண்டு காலும் திடமாக இருந்தன. அதனால் தப்பினார். நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த அந்தப் புயலில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்கள் ஒரே இரவில் படுத்துவிட்டன. இதைச் சொல்லி அம்மாவை வாதத்தில் மடக்கச் சொல்லவில்லை. ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்து, "அண்டைக்கு ராவு என்ன நடந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க, இன்னும் முந்திப் போயிருக்கலாம் என்று நினைச்சீங்களா?" என்று கேளுங்கள். அவரே சொல்லட்டும். புயலைக் கண்டவர்களின் அனுபவம் நமக்குப் பெரிய சொத்து, அதை முழுதாகக் கேட்க வேண்டும்.

அத்துடன், அம்மா முகாமில் தண்ணீர் குடிக்காமல் இருந்ததையும் பிறகு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்ததையும் சேர்த்துப் பார்க்கும்போது, அது சிறுநீர்த் தொற்றாக இருந்திருக்கச் சாத்தியம் அதிகம். படுக்கையில் இருக்கும் நீரிழிவுக்காரர் தண்ணீரைக் குறைத்தால் அடிக்கடி வருவது அதுதான். அவர் ஏன் தண்ணீரைக் குறைத்தார்? பலர் பார்க்கத் துணி மாற்ற வேண்டுமே என்ற கூச்சத்தில். ஆகவே "வரமாட்டன்" என்பதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மா மறுப்பது அந்த வகுப்பறையை. "வருவீங்களா, மாட்டீங்களா" என்று கேட்பதை விட்டு, "கதவு பூட்டக்கூடிய ஓர் அறை இருந்தால் வருவீங்களா? உங்களுக்குத் துணி மாற்ற நான் மட்டும் இருந்தால் போதுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அறிவு தெளிவாக இருக்கும் ஒருவரின் சம்மதம் முக்கியம். அதைப் பெறுவதற்கு வெயில் காயும் நாள்தான் நல்ல நாள்.

எங்கே போவது?

தம்பியின் அக்கறையில் குறை இல்லை, ஆனால் அவர் சொல்லும் இடத்தில்தான் எனக்குப் பயம். கடலை விட்டுத் தள்ளிப் போனால் பாதுகாப்பு என்ற எண்ணம் 2004 சுனாமிக்குப் பிறகு நம் எல்லோர் மனதிலும் ஆழமாகப் பதிந்துவிட்டது. சுனாமிக்கு அது சரி. கார்த்திகை, மார்கழி மழைக்குச் சரியில்லை. மேற்கே பெய்யும் மழையெல்லாம் ஆறுகள் வழியாகவும், உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் வான்கதவுகள் வழியாகவும் வாவிக்குத்தான் வருகிறது. வாவி கடலுக்கு வடிவது முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும். அந்த வாய்களை மணல் அடைத்திருந்தாலோ, காற்றில் கடல் உயர்ந்து நின்றாலோ தண்ணீர் வெளியேறாமல் தேங்கும். அப்போது படுவான்கரையின் வயல்வெளிகள் கடல் போலாகிவிடும். 2011 தை வெள்ளத்தில் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பட்டிருப்புப் பாலம் அசையாமல் நிற்கலாம், அதற்கு அப்பால் வயலுக்குள்ளால் போகும் றோட்டு நிற்காது. தம்பியின் வீட்டுக்குள் தண்ணீர் வராவிட்டாலும், அம்மாவுக்கு நள்ளிரவில் இரத்தத்தில் சீனி இறங்கினால் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவீர்கள்? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வீடு எவ்வளவு மேட்டில் இருந்தாலும் உங்கள் அம்மாவுக்கு உகந்த வீடு இல்லை.

இதே காரணத்தால், மழை விட்டவுடன் "சரி, தப்பிவிட்டோம்" என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஊருக்கு முன்னால் கடலும் பின்னால் வாவியும் இருக்கின்றன. குளங்களிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் வாவிக்கு வந்து சேர நேரம் எடுக்கும். வானம் வெளுத்த பிறகும் பின் வளவில் தண்ணீர் ஏறும்.

உங்கள் வீட்டிலேயே இருப்பதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். ஓட்டுக்கூரை பலமான காற்றுக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது. நடக்க முடிந்தவர் ஓடு விழுந்தால் மேசைக்குக் கீழே போவார், கட்டிலில் கிடப்பவர் என்ன செய்வார்?

பக்கத்து வீட்டு மாடி நல்ல இரண்டாவது வழி. கொங்கிறீட் தட்டு போட்ட கட்டடமாக இருந்தால் வெள்ளத்துக்கும் காற்றுக்கும் உங்கள் வீட்டை விட அது மேல். ஆனால் அது கைவசம் வைத்துக்கொள்ள வேண்டிய வழி. மேலே கழிப்பறை உண்டா, அம்மாவைப் படியால் ஏற்ற எத்தனை பேர் வேண்டும் என்பதை இப்போதே பாருங்கள், முடிந்தால் ஒருமுறை ஒரு கதிரையில் வைத்துத் தூக்கிப் பாருங்கள். இன்னொன்று: நிலம் நீண்ட நேரம் ஆடினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, சுனாமி எச்சரிக்கை வந்தாலோ களுவாஞ்சிக்குடிக்குப் போக நேரமிருக்காது. அந்த நேரத்தில் அந்த மாடிதான் உங்கள் இடம். புயல் நாள்கணக்கில் தவணை தரும். சுனாமி தராது. இரண்டுக்கும் ஒரே திட்டம் போட வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். டயாலிசிஸ் செய்பவர்கள், ஒட்சிசன் தேவைப்படுபவர்கள், பிள்ளைப்பேற்றுத் திகதி கிட்டிய தாய்மார் போன்றவர்களை எச்சரிக்கைக் காலத்தில் முன்கூட்டியே அனுமதிப்பது நியாயமானது. கர்ப்பிணிகளை அந்தந்த ஊர் மிட்வைஃப் அம்மாவே தேடிப் போய் அனுப்பிவைப்பார். உங்கள் அம்மாவின் நிலைக்கு இப்போது அது தேவையில்லை. அனர்த்த நேரத்தில் வாட்டு நிரம்பி வழியும், தொற்றும் அதிகம். காய்ச்சலோ, புண்ணோ, விழுங்கும்போது புரையேறுவதோ இருந்தால் கதை வேறு. உடனே கொண்டுபோங்கள்.

என் தெரிவு மாமியின் வீடு. ஆதார வைத்தியசாலை கிட்ட இருக்கிறது. பூட்டக்கூடிய அறை உண்டு. உங்கள் ஊரிலிருந்து வாவியைக் கடக்காமல் பிரதான றோட்டாலேயே போய்ச் சேரலாம். அவருடைய ஒழுங்கை மழைக்குத் தண்ணீர் நிற்கும் ஒழுங்கையா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மாமிக்குக் கரைச்சல் என்று தயங்குகிறீர்கள். இந்தக் கிழமையே போய், "மாமி, எச்சரிக்கை வந்தால் மூன்று நாலு நாளைக்கு அம்மாவோட வருவன், அரிசி சாமானும் கொண்டு வருவன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். திடீரென்று நனைந்துகொண்டு வந்து நிற்கும் விருந்தாளிதான் கரைச்சல். முன்கூட்டிச் சொல்லி வருபவர் சொந்தக்காரர்.

எப்போது புறப்படுவது?

தம்பி சொல்லும் டித்வாவையே எடுத்துக்கொள்வோம். 2025 நவம்பர் கடைசியில் வந்த அந்தப் புயலில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் மிகப் பலர் கடற்கரையில் இருந்தவர்களல்ல. மலையகத்தில் மண்சரிவில் அகப்பட்டவர்கள். ஓடு போகவில்லை என்பதை வைத்துப் புயலை அளந்தால் கணக்குப் பிழைத்துவிடும், காற்றை விட மழைதான் அதிகம் கொல்கிறது. 2024 நவம்பர் 26ஐயும் நினைத்துப் பாருங்கள். காரைதீவு மாவடிப்பள்ளி றோட்டில், வெள்ளத்தைக் கடந்த உழவு இயந்திரம் புரண்டு, மதரசாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் அள்ளுண்டு போனார்கள். அம்பாறை மாவட்டமே அழுத நாள் அது. அன்றைக்கு அது புயல்கூட இல்லை, வங்கக் கடலில் ஒரு தாழமுக்கம். ஃபெங்கல் என்ற பெயரே சில நாட்களுக்குப் பிறகுதான் வந்தது. புயலின் மையம் நம் கரையைத் தொடவும் இல்லை. பெயர் வைக்கும் வரை, மையம் நம் ஊருக்கு நேரே வரும் வரை காத்திருப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இதைவிட நான் வேறென்ன சொல்ல?

உங்கள் வீட்டுக்கு இரண்டு கட்டம் போதும். தென்கிழக்கு வங்கக் கடலில் தாழமுக்கம் வலுக்கிறது, கிழக்குக் கரையை நோக்கி வரலாம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொன்னால், அன்று பையைச் சரிபாருங்கள், வான்காரருக்கும் மாமிக்கும் கோல் எடுங்கள். மட்டக்களப்புக்கோ அம்பாறைக்கோ சிவப்பு எச்சரிக்கை வந்தால், அல்லது 100 மில்லிமீற்றருக்கு மேல் மழை என்றால், அல்லது குளங்களின் வான்கதவு திறக்கப் போகிறார்கள் என்று நீர்ப்பாசனத் திணைக்களம் அறிவித்தால், அன்றே பகல் வெளிச்சத்தில் புறப்படுங்கள். சந்தேகம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுத்துக் கேளுங்கள். ஒன்றும் நடக்காமல் இரண்டு நாளில் திரும்பி வந்தால் அயலவர் சிரிக்கலாம். சிரிக்கட்டும்.

வான்காரரிடம் இப்போதே பேசிவையுங்கள், அவருக்கும் குடும்பம் உண்டு என்பதால் இரண்டாவது ஆள் ஒருவரும் தேவை. 1990 அம்புலன்ஸ் அவசரத்துக்கு. முன்கூட்டி இடம்பெயர அதை நம்பியிருக்க முடியாது, தண்ணீர் ஏறிய றோட்டில் அதுவும் நின்றுவிடும். எப்படியோ பிந்திவிட்டால், ஓடும் தண்ணீருக்குள் வாகனத்தை இறக்க விடாதீர்கள். 30 சென்ரிமீற்றர் ஓட்டம் சிறிய காரை நகர்த்தும், 60 சென்ரிமீற்றர் பெரும்பாலான வாகனங்களைத் தூக்கிவிடும். அந்த நேரத்தில் மாடிதான் வழி. காற்று அடித்துவிட்டுத் திடீரென ஓய்ந்தால், வெளியே வந்துவிடாதீர்கள். புயலின் கண் கடக்கும் இடத்தில் அப்படி ஓயும், கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே வேகத்தோடு திரும்ப அடிக்கும்.

இன்சுலினும் மற்ற மருந்துகளும்

கரண்ட் போனவுடன் இன்சுலின் கெட்டுவிடும் என்பது பலருக்கும் உள்ள பயம். பாவனையில் இருக்கும் போத்தல் 30 பாகைக்கு மேல் சூடாகாமல் நிழலில் இருந்தால் சுமார் நாலு கிழமை தாங்கும். மழை நாளில் நம் ஊர் வெப்பத்துக்கு ஒரு மண்முட்டியில் பாதித் தண்ணீர் விட்டு, போத்தலை நன்றாக மூடிய பிளாஸ்ரிக் டப்பாவில் போட்டு மிதக்கவிட்டால் போதும். ஐஸ்கட்டியோடு நேரே படும்படி வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் பயனில்லை. மிக்ஸ் இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் பால் போல ஒரே சீராக வர வேண்டும். கட்டி கட்டியாகவோ போத்தல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டோ நின்றால் அதைப் பாவிக்க வேண்டாம்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை சாப்பாட்டு நேரம். இடம்பெயர்ந்த இடத்தில் காலைச் சாப்பாடு பத்து மணிக்கு வரும், பகல் சாப்பாடு மூன்றுக்கு வரும். வழக்கம் போல ஏழு மணிக்கு ஊசியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் சீனி இறங்கிவிடும். அப்படிப்பட்ட நாட்களில் சாப்பாடு கைக்கு வந்த பிறகே ஊசி போடுங்கள். சாப்பிடுவது பாதியாகக் குறைந்தால் ஊசியின் அளவை என்ன செய்வது என்று அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டு, கொப்பியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அம்மா வழக்கத்துக்கு மாறாக வியர்த்தால், குழம்பிப் பேசினால், தூங்கி விழுந்தால் முதலில் சீனியைச் சந்தேகியுங்கள். விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீரை நிமிர்த்தி இருத்திக் கொடுங்கள். மயக்கமென்றால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, நெஞ்சுக்குள் போய்விடும். ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இதைச் சொல்லும்போதே மாமி வீட்டை நான் ஏன் தெரிவு செய்தேன் என்பது விளங்கும்.

பிரஷர் மாத்திரையும் இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையும் ஒரு நாளும் விடுபடக் கூடாது. மழைக்காலத்துக்கு முந்திய கிளினிக்கில், இரண்டு கிழமைக்குக் கூடுதலாக மருந்து தர முடியுமா என்று காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். காற்று மெத்தை கரண்ட் போனால் வெறும் ரப்பர்தான். அப்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இரவில் நீங்களும் மகளும் முறை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை அம்மா குறைக்காமல் குடிக்கிறாரா என்று ஒரு போத்தலை அடையாளமாக வைத்துப் பாருங்கள்.

பையில் கிளினிக் கொப்பி, மருந்து, ஊசிகள், சீனி, பெம்பர்ஸ், ரபர் சீற், ரோச் லைட், உங்கள் எல்லோருடைய அடையாள அட்டையும் பிறப்புச் சாட்சிப் பத்திரமும், காணிப் பத்திரம், வங்கிப் புத்தகம் எல்லாம் இருக்கட்டும். கொப்பியையும் பத்திரங்களையும் போனில் படம் எடுத்து இன்றே கணவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தாள் நனைந்தாலும் கட்டாரில் ஒரு பிரதி இருக்கும்.

நிவாரணம், முகாம், மகள்

பாடசாலையில் தங்கினால்தான் பதிவு என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அப்படியில்லை. இடம்பெயர்ந்தவர்களைக் கணக்கெடுக்கும்போது பாதுகாப்பு நிலையங்களில் இருப்பவர்களோடு உறவினர், நண்பர் வீடுகளில் இருப்பவர்களையும் எடுக்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, புறப்படும்போதே உங்கள் ஜீ.எஸ்.க்கு எங்கே போகிறீர்கள், எத்தனை பேர் என்று அறிவிப்பது. வாயால் சொன்னதோடு ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பிவையுங்கள், திகதி நிற்கும். வீட்டைப் பூட்டிய அன்று உள்ளும் புறமும் படம் எடுங்கள், திரும்பி வந்து துப்புரவு செய்யும் முன்னும் எடுங்கள். சேத மதிப்பீட்டுக்குப் பிரதேச செயலகத்தில் கேட்கும்போது கையில் இருக்கும்.

இப்போதே ஜீ.எஸ்.ஐச் சந்தித்து, படுக்கையில் ஒருவர் இருக்கிறார் என்று ஊரின் பட்டியலில் எழுதுவியுங்கள். மாமி வீடு சரிவராமல் பாடசாலைக்குத்தான் போக வேண்டி வந்தால், கழிப்பறைக்குக் கிட்டிய கீழ்த்தள அறை ஒன்றைப் படுக்கையில் இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். இது சலுகை கேட்பதல்ல. உங்கள் ஊரில் உங்கள் அம்மாவைப் போல இன்னும் சிலர் இருப்பார்கள், அவர்கள் வீட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டால் குரலுக்குப் பலம் வரும். கிராம மட்டக் குழுக் கூட்டம் நடந்தால் போங்கள். அங்கே ஆண்கள் மட்டும் இருந்தால் சேலை பிடித்து மறைத்த கதை யாருக்கும் தெரியவராது.

மகளைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், ஆனால் அந்த வரியில் நிறையப் பயம் இருந்தது. முகாமில் இரவில் கழிப்பறைக்குத் தனியே அனுப்பாதீர்கள், ரோச்சும் துணையும் வேண்டும். மாதவிடாய்த் துணிகளை அவளுடைய சொந்தப் பையில் அவளே வைத்திருக்கட்டும். யாராவது தொந்தரவு கொடுத்தால் மறைக்காமல் சொல்லலாம் என்ற தைரியத்தை இப்போதே கொடுங்கள். சிறுவர்களுக்கான 1929, பெண்களுக்கான 1938 என்ற இலக்கங்களை அவள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும். பாட்டியைப் பராமரிப்பதில் அவள் பாதிச் சுமையைச் சுமக்கிறாள். அதை அவளுக்கு முன்னாலேயே ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

ஆடுகளையும் சாமான்களையும் பார்த்துக்கொள்ள யாரையும் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். ஆடுகளைக் கட்டி வைக்காமல் மேட்டுப் பக்கம் ஓட்டிவிடுங்கள்.

கடைசி நேரத்தில் அம்மா வரவே மாட்டேன் என்றால்? பிள்ளைகள் இருவரையும் மாமியிடம் அனுப்பிவிடுங்கள். தம்பியை வரவழைத்து, தண்ணீர் ஏறும் முன்னரே அம்மாவை மாடிக்கு ஏற்றி, நீங்கள் இருவரும் கூட இருங்கள். எங்கே, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று ஜீ.எஸ்.க்கும் 117க்கும் சொல்லுங்கள். அம்மாவின் விருப்பத்துக்காகப் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பணயம் வைக்கும்படி எந்தத் தாயும் கேட்கமாட்டார், அதை மென்மையாக அவரிடமே சொல்லலாம்.

திரும்பி வரும்போது

அம்மாவை உடனே கூட்டி வராதீர்கள். முதலில் தம்பி வந்து பார்க்கட்டும். கரண்ட் மெயினை நிறுத்திவிட்டே உள்ளே போக வேண்டும். அலுமாரிக்குக் கீழே, கட்டிலுக்குக் கீழே பாம்பு ஒதுங்கியிருக்கும், தடியால் தட்டிப் பார்க்க வேண்டும். சேற்றில் இறங்குபவர் காலில் பூட்ஸ் போடட்டும், காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரை தேவையா என்று பீ.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) கேட்கலாம். பிறகு வரும் கிழமைகளில் காய்ச்சலோடு உடல்நோவு வந்தால், வெள்ளத்தில் நின்றதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

கிணற்றுத் தண்ணீரைக் குளோரின் போடும் வரை குடிக்கப் பாவிக்காதீர்கள். குளோரின் போட பீ.எச்.ஐ. அலுவலகத்தில் கேளுங்கள். அவசரப்பட்டு மோட்டர் வைத்துக் கிணற்றை அடிவரை இறைத்துவிடவும் வேண்டாம். நம் கரையோர மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. சுனாமிக்குப் பிறகு திரும்பத் திரும்ப இறைத்த கிணறுகளில் அடியிலிருந்து உப்பு ஏறிவந்ததை இந்தக் கரையில் பலர் அனுபவித்தார்கள். கடல் நீர் உள்ளே வந்திருந்தால் மழை மெல்ல மெல்லக் கழுவிவிடும், அதுவரை பவுசர் தண்ணீர்தான்.

கட்டில் இருக்கும் அறை காய்ந்து, கரண்ட் வந்து, குடிக்கத் தண்ணீரும் ஆஸ்பத்திரி றோட்டும் சரியான பிறகு வானுக்குச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது இந்தப் பதிலையும் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோய், இன்சுலின் அளவைப் பற்றி நான் சொன்ன பகுதியை உங்கள் வைத்தியரிடம் காட்டுங்கள். அம்மாவின் கடைசி இரத்த முடிவுகள் அவரிடம்தான் இருக்கின்றன.